சிக்குன்குனியா மருந்துகளும் தடுப்பூசிகளும்

சிக்குன்குனியா என்பது கொசுக்களால் பரவும் ஒரு வைரசு நோயாகும். கடும் காய்ச்சலும் நீடித்த மூட்டு வலியும் இதன் முக்கிய அறிகுறிகள் ஆகும். இந்த வைரசை அழிப்பதற்கென அங்கீகரிக்கப்பட்ட மருந்து எதுவும் இல்லை. இதனால் மூலிகை மருந்துகளும் தடுப்பூசிகளும் ஆய்வாளர்களின் கவனத்தைப் பெற்றுள்ளன.

நோயும் பரவலும்

இந்நோய் 1952ல் இன்றைய தான்சானியாவின் தென்பகுதியில் முதன்முதலாக அறியப்பட்டது. மூட்டு வலியால் நோயாளியின் உடல் வளைந்து போவதைக் குறிக்கும் மக்கொண்டே மொழிச் சொல்லே இதன் பெயராயிற்று. பகலில் கடிக்கும் ஏடிசு வகைக் கொசுக்கள் இதனைப் பரப்புகின்றன. 1963ல் கொல்கத்தாவிலும், அடுத்த ஆண்டு சென்னையிலும் இந்நோய் பரவியது. நீண்ட இடைவெளிக்குப் பின்னர் 2005 இறுதியில் இந்தியாவில் மீண்டும் தோன்றி, 2006ல் 13 இலட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பாதித்ததாக மதிப்பிடப்படுகிறது. அதே காலத்தில் இந்தியப் பெருங்கடலில் உள்ள ரியூனியன் தீவில் மக்களுள் மூன்றில் ஒரு பங்கினர் நோயுற்றனர்.

நிலவேம்புக் குடிநீர்

நிலவேம்புக் குடிநீர் என்பது சுரத்திற்கு வழங்கப்படும் ஒரு சித்த மருந்தாகும். நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சு வேர், சந்தனம், சுக்கு, மிளகு, கோரைக்கிழங்கு, பற்படாகம், பேய்ப்புடல் ஆகிய ஒன்பதும் இதில் சேர்கின்றன. இவற்றின் பொடியை நீரிலிட்டுக் காய்ச்சி, வடிகட்டிப் பருகுவர். தமிழ்நாட்டில் டெங்கு, சிக்குன்குனியா பரவும் காலங்களில் இது மக்களுக்கு வழங்கப்பட்டுள்ளது.

நிலவேம்பில் உள்ள ஆண்ட்ரோகிராபோலைடு என்னும் வேதிப்பொருள், ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட உயிரணுக்களில் சிக்குன்குனியா வைரசின் பெருக்கத்தைக் குறைப்பது கண்டறியப்பட்டுள்ளது. எனினும் நோயாளிகளிடத்தும் இவ்விளைவு கிட்டும் என்பதை இது மட்டும் நிறுவாது.

குளோரோகுயின் ஆய்வு

ஆய்வக முடிவுக்கும் நோயாளிக்கும் இடையிலான வேறுபாட்டிற்குக் குளோரோகுயின் ஓர் எடுத்துக்காட்டாகும். மலேரியா மருந்தான இது ஆய்வக உயிரணுக்களில் இவ்வைரசைக் கட்டுப்படுத்தியது. ஆனால் 2006ல் ரியூனியனில் 54 நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வில், போலி மருந்து பெற்றவர்களை விட இம்மருந்தைப் பெற்றவர்கள் விரைவில் குணமடையவில்லை. 200 ஆம் நாளில் மூட்டு வலி இவர்களிடமே கூடுதலாகக் காணப்பட்டது.

தடுப்பூசிகள்

முதல் முயற்சிகளுள் ஒன்று அமெரிக்க இராணுவத்தினுடையது. தாய்லாந்தில் 1962ல் பெறப்பட்ட வைரசை வலுவிழக்கச் செய்து அத்தடுப்பூசி ஆக்கப்பட்டது. 2000ல் வெளியான ஆய்வில், அதனைப் பெற்ற 59 பேருள் 5 பேருக்குத் தற்காலிக மூட்டு வலி ஏற்பட்டது.

இக்சிக் என்னும் தடுப்பூசிக்கு 2023 நவம்பரில் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. சிக்குன்குனியாவுக்கு எதிராக ஒப்புதல் பெற்ற முதல் தடுப்பூசி இதுவே. இதுவும் வலுவிழந்த உயிர் வைரசால் ஆனது. முதியோர் சிலருக்குக் கடும் பக்கவிளைவுகள் தோன்றியதை அடுத்து, 2025 ஆகத்தில் அமெரிக்கா இதன் உரிமத்தை இடைநிறுத்தியது. 2025 பெப்ரவரியில் ஒப்புதல் பெற்ற விம்குன்யா, வைரசின் புற உறையை மட்டும் ஒத்த துகள்களால் ஆனது. அத்துகள்களில் மரபுப்பொருள் இல்லாமையால் அவை உடலில் பெருகா. இரு தடுப்பூசிகளும், உடலில் உண்டான எதிர்ப்பொருளின் அளவைக் கொண்டே ஒப்புதல் பெற்றன.

நோயாளி கவனிப்பு

ஓய்வு, போதிய நீராகாரம், பாராசிட்டமால் ஆகியவை பரிந்துரைக்கப்படுகின்றன. டெங்கு இல்லை என உறுதியாகும் வரை ஆசுப்பிரின் தவிர்க்கப்படுகிறது. டெங்கு நோயாளிகளில் அது இரத்தக்கசிவை மிகுவிக்கக்கூடும். தேங்கிய நீரை அகற்றிக் கொசு பெருகாமல் தடுப்பது முதன்மையான தடுப்பு முறையாகும்.