அன்றாட வாழ்வும் ஓவிய அறமும்

ஐரோப்பிய ஓவியத்தில் அரசரும் அருளாளருமே நெடுங்காலம் தலைமையிடம் பெற்றிருந்தனர். உழவரையும் வணிகரையும் அவ்விடத்தில் அமர்த்திய மாற்றம் 16ஆம் நூற்றாண்டில் பிளெமிய நாட்டில் வலுப்பெற்றது.

அந்நாளில் ஆண்ட்வெர்ப் பெருந்துறைமுகமாக விளங்கிற்று. பல நாட்டுச் சரக்கும் நாணயமும் அங்குக் குவிந்தன. செல்வம் பெருகிய இடத்தில், அதனை ஈட்டும் நெறி யாது என்னும் வினாவும் எழுந்தது. அந்நகரில் வாழ்ந்த குவின்டன் மசைஸ் 1514இல் வட்டித் தொழில் புரியும் ஒருவனையும் அவன் மனைவியையும் தீட்டினார். கணவன் காசை நிறுக்கிறான்; மனைவியின் கை இறைநூலின் ஏட்டைப் புரட்டுகிறது; அவள் கண்ணோ காசின்மேல் நிற்கிறது. கைக்கும் கண்ணுக்கும் இடையே நேர்ந்த அப்பிரிவே ஓவியத்தின் அறவுரை.

மூத்த பீட்டர் புரூகல் 1559இல் நூறு பழமொழிகளுக்கு மேல் ஒரே ஊர்க்காட்சியாகத் தீட்டினார். கன்று மூழ்கிய பின் குழியைத் தூர்ப்பவன் அதில் உள்ளான். ‘கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம்’ என்னும் நம் பழமொழியை அறிந்தார்க்கு அவன் அயலான் அல்லன்.

மற்றொரு துறைமுக நகராகிய ஜார்ஜ்டவுனிலும் எளியோர் வாழ்வு ஓவியமாயிற்று. சீனாவில் பிறந்து பினாங்கில் குடியேறிய சுவா தியன் தெங், போருக்குப் பின் நடத்திய பாத்திக் துணித் தொழிலில் நலிவுற்றார். எனினும், அத்தொழிலின் மெழுகையும் சாயத்தையும் கொண்டே 1950களில் ஓவியம் படைக்கலானார். சாயம் ஏறலாகாத இடத்தை மெழுகால் மூடித் துணியைத் தோய்த்தல், ஒவ்வொரு நிறத்திற்கும் அதனையே மீளச் செய்தல், இறுதியில் வெந்நீரால் மெழுகை நீக்குதல் என்பன அதன் முறை. ஏறிய சாயத்தை அழித்தெழுதுதல் அரிது. ஆதலின் அக்கலை பொறுமையையும் முன்னறிவையும் வேண்டுவது. தாயும் சேயும், மீனவர், சிற்றூர் மக்கள் ஆகியோரே அவருக்குப் பாடுபொருளாயினர். 1968இல் ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியம் அவரது ஓவியமொன்றை வாழ்த்து அட்டையாக வெளியிட்டது. அவர் 2008இல் மறைந்தார்.

பிளெமியரின் இடித்துரை தெங்கின் ஓவியங்களில் இல்லை. ஆகவே அவை வெறும் அழகுக் காட்சிகள் எனக் கொள்ளத் தோன்றும். அது பொருந்தாது. விதித்தன செய்தலும் விலக்கியன ஒழிதலும் ஆகிய இரண்டுமே அறம் என்பது பரிமேலழகர் உரை கற்றார் அறிந்ததே. பிளெமியர் தவற்றைக் காட்டி விலக்கினர். தெங் நன்றைக் காட்டி மதிக்கச் செய்தார்.

இவ்விரண்டும் வகுப்பறைக்கு வேண்டியனவே. காசின்மேல் நின்ற கண்ணைக் கண்ட மாணாக்கர் தம் மனத்தை ஆராய்வர். தாயின் அணைப்பும் மீனவரின் உழைப்பும் ஓவியமாகத் தகும் என உணர்ந்த மாணாக்கரோ, தம் பெற்றோரின் தொழிலைப் பிறரிடம் சொல்ல நாணார்.