பால் மறத்தலும் இணை உணவும்: பெங்களூருச் சூழலில் ஒரு சொல் வரலாறு

1. முன்னுரை

கைக்குழந்தைக்குத் திட உணவைத் தொடங்குதல் எல்லாச் சமூகங்களுக்கும் பொதுவான நிகழ்ச்சி. ஆயினும் அதற்கு மொழிகள் இட்ட பெயர்கள் அதனை வெவ்வேறு நோக்கில் காட்டுகின்றன. பல மொழிகள் ஒரே தெருவில் வழங்கும் பெங்களூருவில் இவ்வேறுபாடு தெளிவாகப் புலப்படும். 1809ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் அங்கு அமைத்த படைக்குடியிருப்பைச் சார்ந்து தமிழர் பலர் குடியேறினர். அன்று முதல் தமிழும் கன்னடமும் அந்நகரில் அண்டைவீட்டு மொழிகளாக இருந்து வருகின்றன.

தாயும் தந்தையும் பணிக்குச் செல்லும் ஓர் இளங்குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். ஊரிலிருந்து வந்த பாட்டி 'பால் மறக்கடிக்கும்' காலம் வந்துவிட்டது என்பார். மருத்துவர் 'வீனிங்' என்பார். அங்கன்வாடிப் பணியாளர் கன்னடத்தில் 'பூரக ஆஹார' என்பார். இம்மூன்றும் ஒரே செயலைக் குறிப்பனவா என்பதே இங்கு ஆராயப்படும் வினா.

2. சொற்களின் நோக்கு

தமிழில் 'பால் மறத்தல்', 'பால் மறக்கடித்தல்' என்னும் வழக்குகள் பாலுண்ணல் முடிவுறுவதையே சுட்டுகின்றன. குழந்தையின் நினைவே இங்கு மையம். கன்னடத்தில் இது 'ஹாலு பிடிசுவுது' எனப்படும். பால் – ஹாலு, விடு – பிடு என்னும் ஒலியிணைகளைக் கொண்டு நோக்கினால் 'பாலை விடச்செய்தல்' என்பது அதன் பொருளாகும். ஆக, தமிழில் குழந்தை பாலை மறக்கிறது, கன்னடத்தில் விடுகிறது.

ஆங்கிலச் சொல்லின் வரலாறு வேறு. 'வீன்' என்பது 'பழக்குதல்' என்னும் பொருளுடைய பழைய ஆங்கில வினையிலிருந்து வந்தது. பின்னர் அது பால் நிறுத்துதலைக் குறிக்கலாயிற்று. இன்றும் பிரித்தானிய வழக்கில் திட உணவு தொடங்குதலையும், அமெரிக்க வழக்கில் பெரும்பாலும் பால் நிறுத்துதலையும் அச்சொல் உணர்த்தும். எனவே, மூலநூல் எந்நாட்டு வழக்கைச் சார்ந்தது என அறியாமல் அதனைப் 'பால் மறப்பு' என்று பெயர்த்தால் தொடக்கம் முடிவாகிவிடும்.

'அன்னப்பிராசனம்', 'சோறூட்டல்' என்னும் சடங்குப்பெயர்கள் இவ்விடரில் சிக்கவில்லை. அவை உண்ணலின் தொடக்கத்தை மட்டுமே கூறுகின்றன. பாலைப் பற்றி ஏதும் சொல்வதில்லை.

3. ராகி சரி

கர்நாடகத்தில் குழந்தையின் முதல் உணவுகளுள் ஒன்று 'ராகி சரி'. ராகி மண்ணி என்றும் கூறுவர். கேழ்வரகை ஊறவைத்து, துணியில் கட்டி முளைவிடச்செய்து, உலர்த்தி, இளவறுப்பாக வறுத்து, அரைத்து, மெல்லிய துணியில் சலித்து எடுத்த மாவால் இது ஆக்கப்படுகிறது. முளைத்த தானியத்திலுள்ள நொதி மாச்சத்தைச் சிதைப்பதால், மாவு மிகுதியாகச் சேர்த்தாலும் கஞ்சி இறுகுவதில்லை. சிறிய வயிற்றில் மிகுந்த ஆற்றல் சேர இது வழிசெய்கிறது. மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தைச் சார்ந்த மல்லேசியும் தேசிகாச்சாரும் முளைகட்டிய ராகியும் பச்சைப்பயறும் கொண்டு அமைத்த குழந்தை உணவைப் பற்றி 1982இல் எழுதிய ஆய்வு இந்த இல்லமுறைக்கு அறிவியல் விளக்கம் தந்தது எனலாம்.

மொழிபெயர்ப்பாளருக்கு இங்கும் இடர் உண்டு. 'சரி' என்பதை அப்படியே எழுதினால் தமிழர்க்கு உடன்பாட்டுச் சொல்லாக ஒலிக்கும். 'கூழ்' என்றால் பெரியோர் உண்ணும் புளித்த கூழ் நினைவுக்கு வரும். 'முளைகட்டிய கேழ்வரகுக் கஞ்சி' என விரித்துரைப்பதே பொருத்தம்.

4. ஆவணங்களில் சொல்லும் காலமும்

இந்திய அரசின் 1992ஆம் ஆண்டுக் குழந்தைப் பால்மாற்றுப் பொருள்கள் சட்டம், 'குழந்தை உணவு' என்பதை நான்கு மாதத்திற்குப் பின் தாய்ப்பாலுக்கு நிரப்பியாக அமைவது என வரையறுத்தது. 2001இல் உலக சுகாதாரப் பேரவை ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும் என்னும் நிலைப்பாட்டை ஏற்றது. 2003ஆம் ஆண்டுத் திருத்தம் அச்சட்டத்தின் வரையறையை ஆறு மாதத்திற்குப் பின், இரண்டு வயது வரை என மாற்றியது. பால் தொடர்வதும் உணவு சேர்வதும் இவ்வரையறையில் ஒருங்கே அமைந்துள்ளன. தமிழில் வழங்கும் 'இணை உணவு' என்னும் சொல் இக்கருத்தைச் செவ்வனே தருகிறது. கன்னடப் 'பூரக' என்பது நிரப்புதலைக் குறிப்பினும், அங்கன்வாடியில் வழங்கும் கூடுதல் சத்துணவுக்கும் அச்சொல்லே ஆளப்படுவதால் இடமறிந்து பொருள்கொள்ள வேண்டும்.

எண்ணுப்பெயரிலும் கவனம் தேவை. 'ஆறாம் மாதத்தில்' என்பது ஐந்து மாதம் முடிந்த உடனே தொடங்கும். 'ஆறு மாதம் நிறைந்தபின்' என்பது ஏறத்தாழ 180 நாள்களுக்குப் பிந்தியது. கிருஹ்ய சூத்திரங்கள் அன்னப்பிராசனத்திற்குக் கூறும் காலம் முன்னது. மருத்துவ ஆவணங்கள் கருதுவது பின்னது. இரண்டிற்கும் இடைவெளி ஒரு மாதம்.

5. முடிவுரை

2017ஆம் ஆண்டுத் திருத்தம் பேறுகால விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியது. அதில் 8 வாரம் வரை பேற்றுக்கு முன்னரே எடுக்கப்படலாம். எனவே பீன்யாவின் ஆடைத் தொழிற்சாலையிலோ மென்பொருள் நிறுவனத்திலோ பணிபுரியும் தாய் ஒருத்தி வேலைக்குத் திரும்புவதும், குழந்தை முதற்கவளம் உண்பதும் அடுத்தடுத்து நிகழ்கின்றன. அவ்வேளையில் அவள் கையில் கிடைக்கும் துண்டறிக்கை 'பால் மறக்கடிக்கும் உணவு' என்று கூறினால், காலையும் இரவும் தொடரக்கூடிய தாய்ப்பாலும் நின்றுவிட நேரும். 'இணை உணவு' என்று கூறினால், பாலோடு கஞ்சியும் சேரும். ஒரு கலைச்சொல்லைத் தேர்வது அகராதிப் பணி மட்டுமன்று. அது ஒரு குழந்தையின் உணவையும் தீர்மானிக்கக்கூடும் என்பது இவற்றால் பெறப்படும்.