வாரப் பதிவும் ஆலை நிலமும்: மேற்கு வங்க இடதுசாரி ஆட்சி, 1977–2011

தேர்தல் வழியே ஆட்சி எய்திய பொதுவுடைமைக் கட்சிகளைப் பற்றி இருவகைக் கூற்றுக்கள் வழங்கி வருகின்றன. சந்தைப் பொருளாதாரத்திற்கு இணங்கியமையால் அவை கொள்கையை இழந்தன என்பர் ஒரு சாரார். காலங் கடந்து இணங்கியமையால் தொழில் வளத்தை இழந்தன என்பர் மற்றொரு சாரார். மேற்கு வங்கத்தில் முப்பத்து நான்கு ஆண்டு நிகழ்ந்த இடதுசாரி முன்னணி ஆட்சியோடு இக்கூற்றுக்களை ஒட்டி நோக்கின், இரண்டும் போதாமை புலனாகும். அவ்வாட்சி எய்திய இடர்ப்பாட்டின் வேர், அதன் தோல்விகளில் அன்று, அதன் தலையாய வெற்றியிலேயே உள்ளது என்பது எம் கருத்து. அவ்வெற்றியாவது, வாரக்குடிகளின் உரிமையைப் பதிவு செய்தமை.

வங்காளத்தில் பிறர் நிலத்தை உழுது விளைவிற் பங்கு செலுத்துவோர் பர்க்காதார் எனப்படுவர். மேல்வாரம், குடிவாரம் என நம் நாட்டு ஆவணங்கள் பிரித்துரைக்கும் முறையை அறிந்தார்க்கு இவர்தம் நிலை எளிதில் விளங்கும். விளைவில் மூன்றில் இரு பங்கு உழுதவனுக்கே உரியது என்று 1946–47ஆம் ஆண்டுகளில் எழுந்த தேபாகாக் கிளர்ச்சி, உழவர் சங்கத்தின் வழியே பொதுவுடைமையர் நடத்தியதாகும். பின்னர் 1955ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டமும் அதன் திருத்தங்களும் வாரக்குடியின் பங்கை நான்கில் மூன்றாக உயர்த்தின. உழவு மாடும் விதையும் எருவும் நிலக்கிழார் தருமிடத்து மட்டும் பங்கு சரிபாதி. ஆயினும் சட்டம் ஏட்டளவில் நின்றது. வார ஒப்பந்தம் வாய்மொழியாக நிகழ்ந்தமையின், தான் வாரக்குடி என்பதற்கு உழவனிடம் சான்று இல்லை. சான்று கேட்டவனை அடுத்த பருவத்தில் நிலத்தினின்றும் வெளியேற்றுதல் எளிது.

1977ஆம் ஆண்டு சூன் திங்களில் சோதி பாசு முதலமைச்சரானார். மறு ஆண்டு தொடங்கிய பர்க்காப் பதிவு இயக்கம் இக்குறையைக் களைந்தது. இதன் சிறப்பு முறையிலேதான் உள்ளது. முன்னெல்லாம் வருவாய்த்துறை அலுவலர் ஊருக்குச் சென்றால் நிலக்கிழார் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து விசாரிப்பது வழக்கம். அங்கு வந்து உண்மை கூற எவ்வுழவனும் துணியான். இப்போது அலுவலர், உழவர் வேலை முடிந்து திரும்பும் மாலை வேளையில் அவர்தம் குடியிருப்பிலேயே கூட்டங் கூட்டினர். ஒருவன் வாரக்குடி அல்லன் என்று மெய்ப்பிக்கும் பொறுப்பும் நிலக்கிழார் மேலதாக்கப்பட்டது. இங்ஙனம் ஏறத்தாழ 14 இலட்சம் வாரக்குடிகள் பதிவு பெற்றனர். நிலம் கைமாறவில்லை, உரிமையே எழுத்தில் ஏறியது. அதே 1978இல் கட்சிச் சின்னங்களின் அடிப்படையில் நடைபெற்ற ஊராட்சித் தேர்தல், அவ்வுரிமை பெற்றோரைக் கட்சியோடு பிணைத்தது. அதன்பின் அடுத்தடுத்துப் பெற்ற ஆறு சட்டமன்ற வெற்றிகளுக்கு ஊர்ப்புறத்தில் அமைந்த அடிப்படை இதுவே.

தொழிற்றுறையின் நிலை வேறு. நிலக்கரியும் எஃகும் நாடெங்கும் ஒரே விலையில் கிடைக்குமாறு 1956 முதல் நடுவணரசு மேற்கொண்ட சரக்குக் கட்டணச் சமன்முறை, சுரங்கங்களுக்கு அணித்தாயிருந்த கல்கத்தாவின் இயற்கைச் சலுகையைப் பறித்தது. 1967க்குப்பின் ஆலை மேலாளரைச் சூழ்ந்து நின்று மறிக்கும் கெராவ் போராட்டங்களால் முதலாளர் அஞ்சி விலகினர். எது முதற்காரணம் என்ற வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

1991இல் நடுவணரசு உரிம முறையைத் தளர்த்திற்று. அப்புதிய பொருளாதாரக் கொள்கையை மார்க்சியக் கட்சி தில்லியில் எதிர்த்தது. அதே கட்சியின் ஆட்சி 1994ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளியிட்ட தொழிற்கொள்கை அறிக்கையோ தனியார் முதலையும் அயல்நாட்டு முதலையும் வரவேற்றது. இதனை இரட்டை வேடம் என்று கூறுதல் எளிது. ஆனால் 1964ஆம் ஆண்டுக் கட்சித் திட்டத்தின் 112ஆம் பிரிவு, மாநில ஆட்சிகளின் பணி மக்களுக்கு உடனடி உதவி நல்குதலே என வரையறுத்திருந்தது. நாணயமும் பெருவரிகளும் பிறர் கையில் இருக்க, முதல் தேடி மாநிலங்கள் ஒன்றோடொன்று போட்டியிடும் காலத்தில், வேலையற்ற இளைஞர்க்கு அவ்வுதவி எவ்வழி வரும் என்ற வினாவிற்கு அத்திட்டம் விடை பகரவில்லை.

புத்ததேவ் பட்டாச்சாரியா விடை காண முயன்றார். உழவு நம் அடித்தளம், தொழில் நம் எதிர்காலம் என்னும் முழக்கத்தோடு 2006ஆம் ஆண்டுத் தேர்தலில் 294 இடங்களுள் 235 இடங்களை முன்னணி பெற்றது. மே 18ஆம் நாள் அவர் பதவியேற்றார். அன்றே டாட்டா நிறுவனம் சிங்கூரில் சிற்றுந்து ஆலை அமைக்கவிருப்பது அறிவிக்கப்பட்டது. தேவைப்பட்ட நிலம் 997 ஏக்கர். அதனைக் கையகப்படுத்தப் பயன்பட்டது ஆங்கிலேயர் இயற்றிய 1894ஆம் ஆண்டுச் சட்டம்.

ஈண்டுதான் பழைய பதிவேடு மீண்டும் குறுக்கிடுகின்றது. நில உடைமையாளருக்கு இழப்பீடு உண்டு. பதிவு பெற்ற வாரக்குடிக்கு அதில் நூற்றுக்கு 25 பங்கு உண்டு. பதிவில் ஏறாத வாரக்குடிக்கும் நாட்கூலிக்கும் யாதும் இல்லை. 1978இல் ஏழையைக் காத்த எழுத்து, 2006இல் ஏழையினும் ஏழையை விலக்கும் எல்லைக்கோடாயிற்று. பதிவு பெற்றவனுக்கும் இழப்பு உண்டு. தலைமுறையாக உழும் உரிமையை ஒருமுறை பெறும் பணத்திற்கு ஈடாகக் கருத அவன் ஒருப்படவில்லை. அங்ஙனம் கருதலாகாது என்று அவனுக்குக் கற்பித்ததும் அக்கட்சியே.

எனினும் சிங்கூரை மட்டும் கொண்டு முடிவு காணல் தவறு. அத்தொகுதி 2006இலேயே எதிர்க்கட்சிக்கு வாக்களித்திருந்தது. நந்திக்கிராமமே உரைகல். அது தேபாகாக் கிளர்ச்சி நடந்த மண். 2006இலும் முன்னணியைச் சார்ந்த இந்தியப் பொதுவுடைமைக் கட்சிக்கே வாக்களித்த தொகுதி. இந்தோனேசிய நாட்டுச் சலீம் குழுமத்தின் துணையோடு வேதியியல் தொழில் மையம் அமைப்பதற்கென நிலம் எடுக்கப்படும் என்ற செய்தி 2007ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பரவியதும் ஊரார் சாலைகளை வெட்டித் தடுத்தனர். மார்ச்சு 14ஆம் நாள் காவலர் ஊருட் புகுந்தபொழுது 14 பேர் உயிரிழந்தனர். தம் உழவர் மேல் தம் ஆட்சியே சுட்டது என்னும் சொல்லை அதன்பின் எவ்விளக்கமும் மாற்ற இயலவில்லை.

2008ஆம் ஆண்டு ஊராட்சித் தேர்தலில் கிழக்கு மேதினிப்பூர், தெற்கு 24 பர்கானா ஆகிய இரு மாவட்ட மன்றங்களும் கைவிட்டுப் போயின. அக்டோபரில் டாட்டா நிறுவனம் சிங்கூரை நீங்கிக் குசராத்தின் சானந்திற்குச் சென்றது. நாடாளுமன்றத்தில் 2004இல் 35ஆக இருந்த முன்னணியின் இடங்கள் 2009இல் 15ஆகக் குறைந்தன. 2011இல் சட்டமன்றத்தில் எஞ்சியவை 62. முதலமைச்சர் தம் யாதவ்பூர்த் தொகுதியிலேயே தோற்றார்; வென்றவர் அவர் ஆட்சியில் தலைமைச் செயலாளராய் இருந்த ஒருவர்! அப்பொழுதும் வாக்காளருள் நூற்றுக்கு ஏறத்தாழ 41 பேர் முன்னணியின் பக்கமே நின்றனர் என்பதையும் மறத்தலாகாது.

2016ஆம் ஆண்டு ஆகத்து 31ஆம் நாள் உச்ச நீதிமன்றம் சிங்கூர் நில எடுப்பு செல்லாது எனத் தீர்ப்பளித்தது. பெற்ற இழப்பீட்டை உழவர் திருப்பித் தர வேண்டுவதில்லை என்றும், பன்னிரண்டு வாரத்துள் அவரவர் நிலத்தை அவரவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. ஆலைக் கட்டடங்கள் இடிக்கப்பட்டன. வரப்புக்கள் அழிந்து போயிருந்தமையின், எவர் நிலம் எங்கே என்று காண நில அளவையர் பழைய பதிவேடுகளையே விரித்து வைத்து அளக்கலாயினர்.