கார்ட்டூன் முகமும் கடல் பயணமும்

கேம் விளையாடும் பிள்ளைகளுக்கும் அவர்களை ஏசும் வாப்பாமாருக்கும் ஒரு சின்ன வரலாறு.

2000 இல் ஜப்பானில் நடந்த கண்காட்சியில், செல்டா கேமின் நாயகன் லிங்க் நிஜ மனிதனைப் போல வாள்வீசும் காட்சியை நின்டென்டோ காட்டியது. அடுத்த வருடம் அதே கண்காட்சியில் வந்ததோ பெரிய கண்ணுள்ள கார்ட்டூன் பொடியன்! "இது சின்னப்பிள்ளை விளையாட்டு" என்று ரசிகர்கள் கொதித்தார்கள். கேமோ இன்னும் கடைக்கே வரவில்லை.

2002 டிசம்பரில் 'தி விண்ட் வேக்கர்' ஜப்பானில் வெளியானது. பழைய இராச்சியம் கடலுக்கடியில். மேலே தீவுகள், நடுவில் ஒரு படகு. 'ஃபாமிட்சு' சஞ்சிகை 40க்கு 40 புள்ளி போட்டது. விளையாடியவர்களின் முறைப்பாடு வேறு: பயணம் நீளம், திசை மாறினால் மந்திரக்கோலை அசைத்துக் காற்றையும் திருப்ப வேண்டும், கடைசியில் ட்ரைஃபோர்ஸ் துண்டுகளுக்காக எட்டு வரைபடம் தேடி அலைய வேண்டும். என் பார்வையில் இதுதான் நியாயமான முறைப்பாடு. முதலாவது வெறும் படம் பார்த்துக் கட்டிய சண்டை.

நின்டென்டோவும் அப்படித்தான் பிரித்துப் பார்த்தது போலிருக்கிறது. 2013 இல் வீ யூ பதிப்பில் வேகப் பாய் வந்தது. அதை ஏற்றினால் காற்று எப்போதும் பின்னாலிருந்தே வீசும். எட்டு வரைபடம் மூன்றாகக் குறைந்தது. கார்ட்டூன் முகம் அப்படியே இருந்தது.