புள்ளி முந்திய கதை

விழுப்புரம் நேருஜி சாலையிலும் திண்டிவனத்துக் கடைத்தெருவிலும் மாடிப்படி ஏறிப்போனால் தட்டுப்பட்ட தட்டச்சுப் பயிலகங்கள், மயிலத்திலிருந்தும் விக்கிரவாண்டியிலிருந்தும் வளவனூரிலிருந்தும் பஸ்ஸேறி வந்த பிள்ளைகளுக்குச் சர்க்கார் உத்தியோகத்தின் வாசற்படியாக விளங்கிய காலத்தில், அங்கே முதல்நாட் பாடம் 'யளனகபக' என்பதுதான். பொருளேயில்லாத அந்தப் பதத்தை விரல்கள் மனனம் செய்த பிறகே, லோயர், ஹையர் என்று ஜனங்கள் வழங்கிய இளநிலை, முதுநிலைப் பரீட்சைகளைப் பற்றிய பேச்சு எழும். 1993 செப்டம்பர் 30ஆம் தேதி தென்னார்க்காடு பிரிந்தபோது, அந்த உத்தியோகக் கனவுக்கு விழுப்புரத்திலேயே ஒரு கலெக்டர் ஆபீஸும் வாய்த்தது.

யந்திரத்தின் விசேஷம் அதன் புள்ளியில் இருந்தது. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியிற் பிறந்த ரா. முத்தையா தமிழ்த் தட்டச்சுக்கு வழிவகுத்த முன்னோடி. 247 எழுத்துக்களை ஐம்பதுக்கும் குறைந்த விசைகளில் அடக்க வேண்டியிருந்த அந்தச் சங்கடத்துக்குக் கண்ட உபாயங்களுள் ஒன்று, அழுத்தினால் அச்சு மட்டும் விழுந்து கேரேஜ் நகராதிருக்கிற விசை. ஆகவே 'க்' என்று அடிக்க விரும்புகிறவர், கையால் எழுதுகையில் கடைசியாக வைக்கிற புள்ளியை முதலில் அடித்தாக வேண்டும். வெறுங் காகிதத்தில் ஆதரவின்றி ஒரு புள்ளி தொங்கிக் கொண்டிருக்க, அதன் கீழே ககரம் வந்து நிற்கும். புதிதாய்ச் சேர்ந்தவர்கள் ககரத்தை முந்தி அடித்துவிட்டுப் புள்ளியை அடுத்த எழுத்தின் தலையில் ஏற்றிவிடுவது நித்திய காட்சி.

வரி முடிந்து மணி அடித்ததும் இடக்கையால் நெம்புகோலைத் தள்ளுகிறோமே, அந்த ஒரு தள்ளலில் கேரேஜ் தொடக்கத்துக்குத் திரும்புவதும் காகிதம் ஒரு வரி ஏறுவதுமாகிய இரு காரியங்கள் நடக்கின்றன. கணினி இவற்றை 13, 10 என்ற தனித்தனி எண்களாக இன்றும் போற்றி வருகிறது. விண்டோஸ் இரண்டையும் எழுத, யூனிக்ஸ் பின்னதை மட்டும் எழுதும். இந்த மனஸ்தாபத்தால், யூனிக்ஸில் பிறந்த கோப்பை நோட்பேடில் திறந்தால் 2018 வரை எல்லா வரிகளும் ஒரே நெடுவரியாய் ஓடின. கேரேஜே இல்லாத பெட்டிக்குள் கேரேஜைப் பற்றிய வழக்கு!

பயிலகங்களின் முகப்புப் பலகையில் கம்ப்யூட்டர் என்ற சொல் ஏறிய பிறகு புள்ளியின் கதை தலைகீழாயிற்று. 1991இல் முதற்பதிப்பு கண்ட யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய இடங்கள் 128. அதில் 'க' 2965, புள்ளி 3021. க் என்பதற்கு 2965 முன்னும் 3021 பின்னும் வரவேண்டும். 'கெ' இன்னும் விநோதம்: கண்ணுக்கு முன்னே நிற்கிற கொம்பு, நினைவகத்தில் ககரத்துக்குப் பின்னேதான் உட்காருகிறது. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டை ஒட்டி அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையிலும், இடக்கைக்கு உயிரும் வலக்கைக்கு மெய்யும் என்ற பெரும் பங்கீட்டோடு, புள்ளி பின்னால்தான் விழும். சாஸ்திரோக்தமாகப் பார்த்தால் அதுவே சிறந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும் 'யளனகபக' பழகிய விரல் சாஸ்திரம் கேட்பதில்லை.

ஆகையால் மென்பொருள் செய்தவர்களே இறங்கிவந்து, பழைய தட்டச்சு முறைக்கும் கணினியில் இடம் வைத்தார்கள். அந்த முறையில் வேலை செய்யும் ஒருவரைத் திண்டிவனத்து டி.டி.பி. கடையொன்றில் கவனித்தேன். புள்ளியை அடித்தார், திரையில் சிறு புள்ளிகளாலான ஒரு வட்டத்தின் தலைமேல் அது தவித்து நின்றது. அவர் திரையைப் பார்க்கவேயில்லை. அடுத்த விசை விழுந்தது; வட்டம் மறைந்து 'க்' நின்றது.