படியும் காப்புப்படியும்: உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை முன்வைத்துத் தரவுக் காப்புக் கலைச்சொற்கள் – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

அலுவலக வழக்கில் 'பேக்கப்' எனப்படுவதைத் தமிழ்க் கணினி எழுத்து 'காப்புப்படி' என வழங்குகிறது. இச்சொல்லின் பின்பாதி பழையது. ஏட்டுச்சுவடியைப் பெயர்த்தெழுதுதல் 'படியெடுத்தல்' எனப்பட்டது; கல்வெட்டின்மேல் ஈரத்தாளை ஒற்றி மைதட்டி எடுப்பது 'மைப்படி' எனப்படுகிறது. எந்தப் படிக்குக் 'காப்பு' என்னும் அடை பொருந்தும் என்பதே ஆராயத்தக்கது. வன்வட்டுவழித் தரவுக் காப்பின் அடிப்படைக் கருத்துகள் இவ்வினாவிலிருந்தே தோன்றுகின்றன. காஞ்சிபுரத்தை ஒட்டிய ஓரிக்கைக்குத் தெற்கே, பாலாற்றுக்கு அப்பால் அமைந்த உத்திரமேரூரின் கல்வெட்டு வரலாறு இதனை விளக்கத் துணைசெய்கிறது.

ஆடிப்படியும் காலப்படியும்

முதலாம் பராந்தக சோழனின் 12, 14-ஆம் ஆட்சியாண்டுகளில் (கி.பி. 919, 921) உத்திரமேரூர்ச் சபை குடவோலை முறை குறித்து இரு தீர்மானங்களை இயற்றியது. இரண்டும் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் உள்ளன. வாரியத்திற்குரியோர் 30 வயதிற்கு மேல் 60-க்குள் அமைதல் வேண்டும் என்றது முதல் தீர்மானம். 35-க்கு மேல் 70-க்குள் எனத் திருத்தியது அடுத்தது. பின்னது முன்னதன் திருத்தத்தை மட்டும் சொல்லி நில்லாமல், தேர்வு முறை முழுவதையும் மீண்டும் விரித்துரைக்கிறது. காப்பியலின் மொழியில் இது 'முழுப்படி'. மாற்றத்தை மட்டும் பதிவது 'கூடுதல்படி'; அதற்கு இடம் குறைவாகத் தேவைப்படும், எனினும் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் பின்னுள்ளவை பயனற்றுப்போகும்.

921-ஆம் ஆண்டுத் தீர்மானம் 919-ஆம் ஆண்டினதை அழித்து அதன்மேல் வெட்டப்பட்டிருக்குமானால், ஈராண்டுக்குள் ஒரு சபை தன் விதியைத் திருத்திக்கொண்டது என்னும் செய்தியே வரலாற்றிற்குக் கிடைத்திராது. வட்டுகளை அடுக்கிப் பயன்படுத்தும் 'ரெய்டு' முறை பற்றிப் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகியோர் 1988-இல் வெளியிட்ட கட்டுரை புகழ்பெற்றது. அம்முறையின் ஒரு வகையில் ஒரு வட்டில் எழுதப்படுவது மற்றொன்றிலும் அக்கணமே எழுதப்படும். ஒரு வட்டு பழுதானால் மற்றொன்று கைகொடுக்கும். ஆயின் ஊழியர் ஒருவர் தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால் இரு வட்டுகளிலும் அது அழியும். எனவே ஆடிப்படி காப்புப்படியாகாது. நேற்றைய நிலையை இன்றைய பிழையிலிருந்து பிரித்து வைப்பதே காப்பு. 'மீட்புப் புள்ளி' என்னும் கலைச்சொல் இக்காலப் பிரிவையே அளக்கிறது: இழப்பு நேர்ந்தால் எவ்வளவு நேரத்துப் பதிவை இழக்க நிறுவனம் உடன்படுகிறது என்பது அதன் பொருள். மீண்டும் இயங்கத் தொடங்க எவ்வளவு நேரம் பொறுக்கலாம் என்பது 'மீட்பு நேரம்'. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதும் மயக்கம் பாடநூல்களிலும் உண்டு.

சபையார் காப்பு நோக்கில் கல்லில் வெட்டினர் என்று கொள்ளுதல் மிகையாகும். அவர்கள் நாடியது அறிவிப்பும் அதிகாரமும். காப்பு அதன் விளைவு.

இடமும் ஊடகமும்

கல்லிலும் செம்பிலும் வெட்டிக்கொள்ளுமாறு ஆணையிடும் மரபு இடைக்காலச் சாசனங்களில் காணப்படுகிறது. மூன்று படிகள், இரு வகை ஊடகங்கள், ஒன்றேனும் வேற்றிடத்தில் என்று நிழற்படக் கலைஞர் பீட்டர் கிரோக் பரப்பிய '3-2-1' விதியின் நடுக்கூறு இங்கு முன்பே உள்ளது. வேற்றிடம் என்னும் கூறு தவறியதன் கொடுமையை 1981-இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகம் காட்டுகிறது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் ஒரே கூரையின்கீழ் இருந்தன.

மீள்வு நீக்கம்

சோழர் கல்வெட்டுகள் பலவற்றில் ஒரே மெய்க்கீர்த்தி திரும்பத் திரும்ப வருகிறது. கல்வெட்டு ஆண்டறிக்கைகள் அதனை ஒவ்வொரு முறையும் தாராமல் தொடக்கச் சொற்களை மட்டும் சுட்டிச் செல்கின்றன. வட்டுக் காப்பில் இதுவே 'மீள்வு நீக்கம்': ஒத்த தரவுத் துண்டு ஒருமுறை மட்டும் சேமிக்கப்படும், ஏனைய இடங்களில் அதற்கான சுட்டி நிற்கும். நாடாவைவிட விலைமிகுந்த வட்டு காப்பு ஊடகமாக நிலைபெற இந்நுட்பம் பெரிதும் துணைநின்றது. இதன் விலையும் கருதத்தக்கது. அந்த ஒரு துண்டு சிதைந்தால் அதனைச் சுட்டும் படிகள் யாவும் சிதையும். ஓரூர்க் கல்லில் மெய்க்கீர்த்தியின் ஒரு வரி தேய்ந்திருக்கையில் மற்றோர் ஊர்க் கல்லைக் கொண்டு அதனை நிரப்புவது கல்வெட்டறிஞரின் அன்றாடப் பணி. மீள்வதெல்லாம் வீண் எனக் கொண்டிருப்பின் அவ்வழி அடைபட்டிருக்கும்.

மீட்டல்

திருக்கோடிகாவல் கோயிலைச் செம்பியன் மாதேவியார் கற்றளியாக எடுப்பித்தபோது, பழைய கற்களிலிருந்த சாசனங்கள் புதிய சுவரில் மீண்டும் வெட்டப்பட்டன; அவை 'பழங்கற்படி' என்னும் குறிப்பும் சேர்க்கப்பட்டது. மீட்டல் என்பதற்குத் தமிழகத்தில் கிடைக்கும் தெளிவான சான்று இது. அக்குறிப்பு இல்லையெனில், முந்தைய அரசர் பெயரும் பிந்தைய எழுத்தமைதியும் முரண்பட, அவற்றைப் போலி எனத் தள்ளவும் இடமுண்டு. படி எப்போது, எதிலிருந்து எடுக்கப்பட்டது என்னும் விவரத்தையும் உடன்வைப்பது இன்றைய காப்பு மென்பொருள்களின் முதன்மைப் பணிகளுள் ஒன்று. மீட்டுப் பார்த்துச் சரிபார்க்கப்படாத படியை நம்பவியலாது என்பது அத்துறையினரின் பட்டறிவு.

உத்திரமேரூர்த் தீர்மானங்கள் 1898-இல் படியெடுக்கப்பட்டன, வெங்கையா அவற்றை இந்தியத் தொல்லியல் துறையின் 1904–05 ஆண்டறிக்கையில் பதிப்பித்தார். இவ்விரண்டிற்கும் அச்சுப்படி உண்டு. அச்சேறாத தமிழ்க் கல்வெட்டுகளுக்கோ மைசூரில் தொகுக்கப்பட்ட மைப்படிகளே துணை. அவற்றைச் சென்னைக்கு மாற்றுமாறு 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. திருப்பணியின்போது மணல்வீச்சால் எழுத்துத் தேய்ந்த சுவரைப் பொறுத்தவரை அந்தத் தாள் இனிப் படியன்று, மூலம். அதற்குத்தான் இப்போது காப்புப்படி வேண்டும்.