கே. பி. சுந்தராம்பாள்

கொடுமுடி பாலாம்பாள் சுந்தராம்பாள் (1908–1980) நாடக நடிகை, பாடகி, திரைக்கலைஞர், மேலவை உறுப்பினர். காவிரிக்கரைக் கொடுமுடியில் வறிய குடும்பத்தில் பிறந்தார். சிறுவயதில் ரயிலில் பாடிப் பிழைத்தவரை அந்தக் குரலே நாடகக் கம்பெனிக்குக் கொண்டுசேர்த்தது.

மேடையில் பெண் வேடங்களோடு ராஜபார்ட் எனும் ஆண் நாயக வேடங்களையும் ஏற்றார். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கொட்டகையின் கடைசி வரிசைக்கும் சொல் தெளிவாய்க் கேட்கும்படி உச்சஸ்தாயியில் பாடிய உழைப்பை அவருடைய பிற்காலப் படங்களிலும் உணரலாம். மேடையில் இணைந்து பாடிய எஸ். ஜி. கிட்டப்பாவை மணந்தார். கிட்டப்பா 1933இல் மறைந்தபின் வெள்ளுடை தரித்து, வாழ்நாள் முழுதும் துறவுபோல் வாழ்ந்தார்.

'பக்த நந்தனார்' (1935) படத்தில் நந்தனாராகவே நடித்தார். அதற்கு அவர் பெற்ற ஒரு லட்சம் ரூபாய் அன்று நாடெங்கும் பேசப்பட்டது. அடுத்து 'மணிமேகலை' வந்தது. ஜெமினி ஸ்டூடியோவின் 'ஔவையார்' (1953) அவரை வீடுதோறும் கொண்டுசென்றது. இன்றும் ஔவை என்றால் பலர் மனத்தில் எழுவது அவர் முகமே. 'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகளாகவும், 'திருவிளையாடல்' படத்தில் மீண்டும் ஔவையாராகவும் தோன்றினார். தமிழ்த் திரையில் முதுமைக்கு இத்தனை கம்பீரம் தந்தவர் வேறொருவர் இல்லை.

காங்கிரஸ் மேடைகளில் தேசியப் பாடல்கள் பாடிய அவர், 1951இல் சென்னை மாநில மேலவை உறுப்பினரானார். 1970இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.